இழுக்காதபோது கைட் என்ன செய்கிறது: லெ மோர்ன் நாட்குறிப்பு

நாள் 1, ரோஸ் ஹில்

மொரீஷியஸின் பிளெசான்ஸ் விமான நிலையத்தில் இறங்கியதும் என் கண் தேடியது கைட் பையைத்தான். பெரிய காத்தாடி இழுக்க, பலகையில் நின்று கடலில் ஓடும் கைட்சர்ஃபிங்தான் என் விளையாட்டு. 9 சதுர மீட்டர் கைட், அதைக் கையால் ஓட்டும் கன்ட்ரோல் பார், இடுப்பில் கட்டும் ஹார்னஸ், பம்ப் எல்லாம் சேர்த்து 17 கிலோ. அது பத்திரமாக வந்து சேர்ந்த பிறகுதான் மூச்சு வந்தது. வெளியே அக்கா காத்திருந்தாள். "என்னைப் பாக்க வந்தியா, காத்தைப் பாக்க வந்தியாடி?" என்றாள். இரண்டுக்கும்தான் வந்தேன், அக்கா.

பெரியம்மா மகள் அவள். தூத்துக்குடியிலிருந்து கல்யாணமாகி மொரீஷியஸ் வந்து 22 வருஷம் ஆகிறது. இங்கே பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள். அத்தான் குடும்பம் ஐந்து தலைமுறையாக இந்தத் தீவில் இருக்கிறது. வீட்டுக்குள் பேச்சு கிரியோல்தான்; ஆனால் சாப்பாட்டுத் தட்டில் தமிழ் எட்டிப் பார்க்கிறது. ரசத்துக்கு இங்கே 'ராசோன்' என்று பெயர். முருங்கைக்கீரை 'பிரேத் முரும்'. கறிவேப்பிலையை 'காரிபுலே' என்கிறார்கள். கடையில் மீதி வாங்கிய ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்தைப் பார்த்ததும் அதைச் செலவழிக்க மனம் வரவில்லை.

அக்கா மகனுக்கு 20 வயது. தீவின் தென்மேற்கு மூலையில் இருக்கும் லெ மோர்னில் வாரம் தவறாமல் கைட் ஓட்டுகிறவன். நான் இத்தனை தூரம் வந்ததற்கு அவனும் ஒரு காரணம். நான் பழகியது ராமேஸ்வரம் பக்கத்தில், பாக் ஜலசந்தியின் ஆழமில்லாத தட்டைத் தண்ணீரில். ஆறு வருஷமாக அங்கேதான் ஓட்டுகிறேன். அலைக்குள் கைட்டோடு போனது இரண்டே தடவை, இரண்டு தடவையும் அடி வாங்கினேன். தட்டைத் தண்ணீரில் இவ்வளவு நன்றாக ஓடும் என் கைட் அலையில் மட்டும் ஏன் காலை வாருகிறது? இந்த ஒரு கேள்வியோடுதான் வந்திருக்கிறேன்.

நாள் 2, லெ மோர்ன், லகூன்

காலையிலேயே கிளம்பிவிட்டோம். தமரின், ரிவியேர் நுவார், லா கோலெட் என்று கடலை ஒட்டியே சாலை போகிறது. லா கோலெட்டைத் தாண்டியதும் மலை முழுசாகத் தெரிந்தது. 556 மீட்டர், கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் ஒற்றைப் பாறை. அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஓடியவர்கள் ஒளிந்து வாழ்ந்த மலை. 1835இல் விடுதலைச் செய்தி சொல்ல வந்தவர்களைப் பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்து, உச்சியிலிருந்து குதித்து மாண்டார்கள் என்று இங்குள்ள மக்கள் வழிவழியாகச் சொல்கிறார்கள். 2008இல் யுனெஸ்கோ இதை உலக மரபிடமாக அறிவித்தது. இந்த மலையடியில் விளையாட வந்திருக்கிறோமே என்று கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

ஆகஸ்ட் இங்கே குளிர்காலம். தென்கிழக்கு வணிகக் காற்று நன்றாக வீசும் பருவம். லகூன் (பவளத் திட்டுக்கு உள்ளே அடங்கிய ஆழமில்லாத கடல்) கரையில் கடலைப் பார்த்து நின்றால் காற்று இடப்பக்கத்திலிருந்து வருகிறது. இன்றைக்கு 18 முதல் 20 நாட் (1 நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர்). தொலைவில் பவளப்பாறைத் திட்டின் மேல் அலை வெள்ளையாக உடைகிறது. திட்டுக்கு உள்ளே தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது.

என் கைட் ஐந்து ஸ்ட்ரட் உள்ளது. ஸ்ட்ரட் என்பது துணிக்குக் குறுக்கே ஓடும் காற்றடைத்த குழாய். முன்விளிம்பில் இருக்கும் தடித்த குழாய் லீடிங் எட்ஜ். இரண்டையும் ஊதி இறுக்கினால் கைட் விறைப்பாக நிற்கும், தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும், மறுபடி எழும்பும். பிரான்ஸின் பிரித்தானி பகுதியைச் சேர்ந்த லெகெனு சகோதரர்கள் 1984இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. அது இல்லாவிட்டால் விழுந்த இந்த மாதிரிக் கைட்டைக் கடல் நடுவில் தனியாளாக எழுப்புவது பெரும்பாடு.

இரண்டரை மணி நேரம் இறங்கவே இல்லை. இதைத்தான் ஃப்ரீரைடு என்கிறார்கள். போட்டியும் கிடையாது, வித்தையும் கிடையாது. போவது, திரும்புவது, மனம் வந்தால் தாவுவது. இதற்கு என் கைட்டைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. காற்று ஏறி இறங்கினாலும் ஐந்து ஸ்ட்ரட்டும் துணியின் வளைவை விடாமல் பிடித்துக்கொள்வதால் கைக்கு ஒரே சீரான இழுப்பு வருகிறது. நீளமாகவும் ஒடுங்கியும் இருக்கிற இறக்கை, அதனால் காற்றை எதிர்த்து நன்றாக ஏறுகிறது. கிளம்பிய இடத்துக்கு மேலேயே நான்கு திருப்பத்தில் வந்துவிட்டேன். தாவினால் மேலே ஒரு கணம் தொங்க விடுகிறது. அந்த ஒரு கணத்துக்காக நான் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பயணம் செய்வேன்.

அக்கா மகன் அந்த நேரமெல்லாம் வெளியே திட்டின் அலையில் இருந்தான். இரண்டு உலகம் மாதிரி இருந்தது. "நாளைக்கு அலைக்கு வாங்க சித்தி," என்றான். சரி என்றேன்.

நாள் 3, ரோஸ் ஹில்

காற்று 8 நாட். கடலுக்குப் போகவில்லை. அக்காவோடு கோர் தெ கார்த் மலையடி முருகன் கோவிலுக்குப் படியேறிப் போய்வந்தேன். தைப்பூசக் காவடிக்கு இங்கே நாடு முழுக்க அரசு விடுமுறை. அன்றைக்கு இந்தப் படிகளில் கால் வைக்க இடமிருக்காது என்றாள். இன்று நாங்கள் இரண்டு பேர், ஒரு குருக்கள், மேலே அசையாத மரங்கள். மாலையில் கேத்தோ பிமான் வாங்கித் தந்தார் அத்தான். அது நம் பருப்பு வடையேதான், உருவம் மட்டும் சின்னது.

நாள் 4, சின்னத் திட்டு

இன்றைக்கு நடந்ததை விவரமாகவே எழுதிவைக்க வேண்டும்.

காற்று 20 நாட். சின்னத் திட்டு என்று இவர்கள் சொல்லும் இடத்தில் இடுப்பளவு, சில சமயம் மார்பளவு அலை. பலகையும் இன்று மாறியது. தட்டைத் தண்ணீரில் இரண்டு முனையும் ஒன்றாக இருக்கும் பலகை; அலைக்கு முன்னும் பின்னும் வேறான சர்ஃப் பலகை, கால் பட்டை இல்லாமல். நான் இடது காலை முன்னால் வைப்பவள். இங்கே அலை, கரையைப் பார்த்து நின்றால், இடப்பக்கமாக உடைந்துகொண்டே ஓடுகிறது. அதனால் என் முதுகு எப்போதும் அலைக்கு. அது ஒரு சிரமம், ஆனால் பழகிவிடும். பெரிய சிரமம் கைட்டில் இருந்தது.

காற்றும் அதே இடப்பக்கத்தை நோக்கித்தான் வீசுகிறது. ஆக, அலையில் இறங்கி ஓடும்போது நான் காற்றோடு சேர்ந்து, கைட் இருக்கும் திசையை நோக்கியே போகிறேன். லகூனில் கைட் என்னை இழுக்கும், நான் பலகையின் விளிம்பால் தண்ணீரை அறுத்து அதை எதிர்த்து நிற்பேன். அந்த இழுபறியில்தான் 24 மீட்டர் கயிறுகள் விறைப்பாக இருக்கும். அலையில் இழுப்பது அலை. நான் கைட்டை நோக்கி ஓடுகிறேன், கயிறு தொய்கிறது. அந்த நேரத்தில் கைட் தானாக, யாரும் பிடிக்காமல், வானத்தில் நின்று காற்றோடு பின்னால் நகர வேண்டும். இதற்கு டிரிஃப்ட் என்று பெயர். மிதந்து நகர்தல்.

என் கைட்டுக்கு அது தெரியவில்லை. முதல் அலையில் கயிறு தொய்ந்ததும் அது முன்னோக்கிப் பாய்ந்தது. மெல்லிய வேகமான இறக்கைக்கு முன்னேறுவதுதான் இயல்பு. இதே குணம்தான் லகூனில் என்னைக் காற்றுக்கு எதிராக ஏற்றியது. இங்கே அது என் தலைக்கு மேல் வந்து, என்னைத் தாண்டி, மூக்கு கவிழ்ந்து, காகிதம் மாதிரி விழுந்தது. இரண்டாவது அலையில் அதைத் தடுக்கிறேன் என்று பாரை நெஞ்சோடு இழுத்துப் பிடித்தேன். அதுவும் தப்பு. பின்கயிறு இறுகினால் கைட்டின் பின்விளிம்பு காற்றை அடைத்துவிடும். மூக்கு மேலே தூக்கி, வால் முதலில் விழும். மூன்றாவதில் கைட் வெள்ளை நுரைக்குள் விழுந்தது. அடுத்த அலை அதை உருட்டியது, கயிறு லீடிங் எட்ஜைச் சுற்றிக்கொண்டது. குயிக் ரிலீஸைத் தள்ளி இழுப்பை முழுக்க விட்டுவிட்டுத்தான் கைட்டின் பக்கமாக நீந்தினேன். அக்கா மகன் வந்து பலகையைக் கொண்டுசேர்த்தான்.

கரையில் விரித்துப் பார்த்தோம். துணி கிழியவில்லை. லீடிங் எட்ஜை முன்கயிற்றோடு சேர்க்கும் பிரிடில் கயிறு ஒன்றில் நூல் உரிந்திருந்தது, அவ்வளவுதான். கைட்டைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அதன் மேல் கோபம் வரவில்லை. அதைச் செய்தவர்கள் எதற்காகச் செய்தார்களோ அதை நேற்று முன்தினம் அழகாகச் செய்தது. நான்தான் வேறொன்றைக் கேட்டேன்.

நாள் 5, மறுபடி சின்னத் திட்டு

அக்கா மகன் தன்னுடைய 8 சதுர மீட்டர் அலைக் கைட்டைத் தந்தான். மூன்று ஸ்ட்ரட். கையில் தூக்கினாலே கனம் குறைவு தெரிகிறது. இறக்கை குட்டையாக, அகன்று, நடுவில் வளைவு கொஞ்சம் ஆழமாக இருக்கிறது. கயிறும் 22 மீட்டர்தான். கயிறு குறைந்தால் கைட் வளையம் போடும் வெளி சின்னதாகும், கைக்குப் பதில் சீக்கிரம் வரும்.

முதலில் லகூனிலேயே ஓட்டிப் பார்த்தேன். இரண்டையும் ஒரே தண்ணீரில் ஒப்பிட்டால்தானே நியாயம். ஃப்ரீரைடில் இது என் கைட்டுக்குக் கீழேதான். காற்றுக்கு எதிராக ஏற அதிகத் திருப்பங்கள் தேவைப்பட்டன. தாவினால் மேலே தூக்குகிறது, ஆனால் தொங்க விடாமல் சீக்கிரம் இறக்கிவிடுகிறது. காற்று திடீரென்று ஏறினால் ஸ்ட்ரட் இல்லாத இடத்தில் துணி படபடக்கும் சத்தம் கேட்டது. நாள் முழுக்க லகூனில் சுற்றுகிறவர்களுக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

ஒன்று மட்டும் அங்கேயே பிடித்துப்போனது, அதன் திருப்பம். என் கைட் திரும்பும்போது பெரிய வட்டம் போடும், வட்டம் முழுக்க இழுக்கும். இது ஒரு இறக்கை நுனியை மையமாக வைத்துச் சுழல்கிறது. திரும்புகிறதே தவிர, இழுத்துக்கொண்டு ஓடுவதில்லை. அலையில் கீழே இறங்கித் திரும்பும் அரை நொடியில் கைட் இழுத்தால் பலகை அலையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். அங்கே கைட் சத்தமில்லாமல் பக்கம் மாறினால் போதும்.

அப்புறம் திட்டுக்குப் போனேன். முதல் அலையில் இறங்கினேன், கயிறு தொய்ந்தது. நேற்றைய பயம் வயிற்றில் இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் கைட் அங்கேயே இருக்கிறது. முன்னே பாயவில்லை. கொஞ்சம் பின்வாங்கி, கொஞ்சம் தாழ்ந்து, மூக்கைக் காற்றுக்குக் காட்டியபடி பருந்து மாதிரி மிதக்கிறது. அலையின் அடியில் திரும்பியதும் கயிறு மெதுவாக விறைத்தது, கைட் வெடுக்கென்று இழுக்காமல் கைக்குள் வந்தது. என்னை அறியாமல் "அம்மாடி!" என்று கத்திவிட்டேன்.

மாலையில் கரையில் உட்கார்ந்து இரண்டு கைட்டின் பிரிடிலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பிரிடில் என்றால் வேறொன்றுமில்லை, நம் ஊர்க் காத்தாடிக்குப் போடும் சூத்திரம்தான். சின்ன வயதில் சென்னையில் மாமா வீட்டு மொட்டை மாடியில் சூத்திரம் போடக் கற்றுக்கொண்டேன். முடிச்சு மேலே தள்ளியிருந்தால் காத்தாடி தலைக்கு மேலே போய் நிற்கும், இழுப்பு குறையும். கீழே தள்ளியிருந்தால் தள்ளி நின்று கையை அறுக்கும் அளவுக்கு இழுக்கும். இங்கேயும் அதே கணக்கு. முன்கயிற்றின் பிடி முன்னால் இருந்தால் கைட் முன்னேறி நிற்கும், காற்றை எதிர்த்து ஏறும், இழுப்பைச் சீக்கிரம் விடும். பின்னால் மாற்றினால் பின்தங்கி நிற்கும், இழுப்பு கூடும், மிதப்பும் நன்றாக வரும். என் கைட்டிலும் அப்படி மாற்ற இரண்டு முடிச்சு இருக்கிறது. ஆறு வருஷத்தில் நான் தொட்டதே இல்லை. இன்று பின் முடிச்சுக்கு மாற்றிவைத்தேன். அதற்காக அது அலைக் கைட் ஆகிவிடாது. ஸ்ட்ரட்டின் கனமும் இறக்கையின் நீளமும் மாறவில்லையே.

நாள் 6, கரையிலிருந்து

காற்று 28 நாட், இடையிடையே 32. இழுப்பு காற்றின் வேகத்தோடு நேராகக் கூடுவதில்லை, வேகத்தின் வர்க்கமாகக் கூடுகிறது. 15 நாட் 30 ஆனால் இழுப்பு நான்கு மடங்கு. 58 கிலோ எடைக்கு 9 சதுர மீட்டரை எடுத்துக்கொண்டு இதில் இறங்குவது முட்டாள்தனம். அக்கா மகனின் 6 சதுர மீட்டரை வாங்கி லகூனில் முக்கால் மணி நேரம் ஓட்டினேன். ஊதும்போது, "இன்னும் ரெண்டு அடி அடிங்க சித்தி, தளர்வா இருந்தா நுனி மடங்கும்," என்றான். சின்னக் கைட்டைப் பலத்த காற்றில் இறுக்கமாகத்தான் ஊத வேண்டும். அது உண்மை.

மற்ற நேரமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். வன் ஐ ('ஒற்றைக் கண்') என்ற இடத்தில் அலை இன்று ஆளுயரத்துக்கு மேல். மலையின் பாறையில் ஒரு துளை இருக்கிறது. அலை உடையும் சரியான இடத்துக்கு வந்தால் அந்தத் துளை கண் மாதிரி தெரியும், அதனால்தான் அந்தப் பெயர். இடப்பக்கமாக ஓடும் வேகமான அலை, அடியில் கூரான பவளப்பாறை, தண்ணீரோ ஆழமில்லை. திட்டைத் தாண்டி உள்ளே வரும் தண்ணீரெல்லாம் பக்கத்து வாய்க்கால் வழியே வெளியே பாய்வதால் நீரோட்டம் ஆளைத் திறந்த கடலுக்குக் கொண்டுபோகும். மலையின் மறைவுப் பக்கம் ஒதுங்கிவிட்டால் காற்றும் அறுந்துவிடும். கைட் விழுந்தால் நீந்தி வருவது எளிதல்ல.

அங்கே நான் போகவில்லை. போகக் கூடாது என்று எனக்கே தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அங்கே ஓட்டியவர்களின் கைகளைப் பார்த்தேன். பாரை யாருமே இறுக்கிப் பிடிக்கவில்லை. ஒருவர் ஒற்றைக் கையை விரல்நுனியில் வைத்திருந்தார். கைட் தாழ்வாக, தண்ணீருக்கும் தலைக்கு நேர் மேலே உள்ள உச்சிக்கும் நடுவில் நின்றது. உச்சியில் வைத்தால் கயிறு தொய்ந்ததும் தலையில் விழும். தாழ வைத்தால் பின்னால் நகர இடம் இருக்கும். நான் நான்காம் நாள் உச்சியில் வைத்திருந்தேன் என்பது இப்போதுதான் உறைத்தது. அன்றைய தோல்வி முழுக்கக் கைட்டுடையது அல்ல.

நாள் 7, மனாவா

காற்று 21 நாட். காலையில் முதல் வேலையாக என் 9ஐ எடுத்துக்கொண்டு சின்னத் திட்டுக்குப் போனேன். முடிச்சு பின்னால், கைட் தாழ்வாக, கை தளர்வாக. ஐந்து அலையில் மூன்றில் மிதந்தது. இரண்டில் முன்னே பாய்ந்தது, ஆனால் விழவில்லை, பலகையைத் திருப்பிக் கயிற்றை விறைப்பாக்கிக் காப்பாற்றிக்கொண்டேன். சின்ன அலைக்கு, கவனமாக இருந்தால், இது போதும். என் ஊர்க் கடலில் தனுஷ்கோடிப் பக்கத்து அலைக்கும் போதும் என்று நினைக்கிறேன். இன்னொரு கைட் வாங்க இப்போது பணமில்லை. இந்தப் பதில் எனக்கு மிகவும் தேவைப்பட்டது.

மதியம் அக்கா மகனோடும் அவன் நண்பர்கள் இரண்டு பேரோடும் மனாவாவுக்குப் போனோம், துணைக்கு ஒரு படகு. இது திட்டுக்கு வெளியே தள்ளி இருக்கிறது. அலை பெரிது, ஆனால் வன் ஐ மாதிரி இடிந்து விழாது. மெதுவாக எழும்பி, நேரம் கொடுத்து உடையும். நான் எடுத்துப்போனது அவனுடைய 8. அவன் புதிதாக ஒன்று வைத்திருக்கிறான், சட்டத்துக்கு டேக்ரான் துணிக்குப் பதில் அலூலா என்ற லேசான பொருள். விலையைக் கேட்டதும் அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாளாம்.

அங்கே போய்ச் சேரவே காற்றுக்கு எதிராக நீண்ட ஏற்றம். அப்போது என் 9ஐ நினைத்துக்கொண்டேன். அது இருந்தால் பாதித் திருப்பத்தில் ஏறியிருப்பேன். ஒவ்வொரு அலைக்குப் பிறகும் கீழே தள்ளப்பட்டு மறுபடி ஏற வேண்டும். அலை ஓட்டத்தில் பாதி நேரம் ஃப்ரீரைடுதான் என்பது அங்கே கால் வலித்தபோது புரிந்தது. அதனால்தான் இரண்டுக்கும் நடுவில் நிற்கும் கைட்டுகளை இத்தனை பேர் தேடுகிறார்கள்.

ஆறு அலை கிடைத்தது. ஐந்தாவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நீலமான சுவர், என் தலைக்கு மேலே. இறங்கினேன். கயிறு தொய்ந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை. இந்த வாரத்தில் முதல் தடவையாகக் கைட்டைப் பார்க்காமல் அலையை மட்டும் பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் தண்ணீர் எழும்பும் சத்தம். அடியில் திரும்பி, மேலே ஏறி, உடையும் அலையின் விளிம்பில் பலகை தட்டி, மறுபடி இறங்கி, மறுபடி தொய்வு. மூன்று தடவை. கடைசியில் கயிறு தானாக வந்து ஹார்னஸில் மெதுவாகத் தட்டியது, தோளில் யாரோ கை வைத்த மாதிரி.

ரோஸ் ஹில் திரும்ப இருட்டிவிட்டது. கைட்டுகளை நல்ல தண்ணீரில் அலசி, மாடிக் கொடியில் போட்டிருக்கிறோம். உப்போடு மடித்தால் துணியும் தையலும் கெடும். அக்கா கீழிருந்து வாழையிலையில் சாப்பாடு போட்டுவிட்டுக் கூப்பிடுகிறாள். "ராசோன் ஆறுது, வாங்க!" அவள் மகன் லீடிங் எட்ஜிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டே, "அடுத்த வருஷம் உங்க கடலுக்கு நான் வரேன் சித்தி. உங்க 9ஐ எனக்குத் தாங்க," என்கிறான். முடிச்சை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று கேட்டேன். முன்னால் என்றான். லகூனில் நான் தொங்கியது போல் தொங்க வேண்டுமாம்.

நாளைக் காலை 9 மணிக்கு விமானம். துணி அதற்குள் காய்ந்துவிடும், மாடியில் நல்ல காற்று.